மறைந்துபோன பேழை: யூத மரபுகள் சொல்வது என்ன?

விவிலிய வகுப்பு நடத்துகிறவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு: “உடன்படிக்கைப் பேழை இப்போது எங்கே இருக்கிறது?” கேட்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார். இந்தக் குகையில் கண்டெடுத்தார்கள், அந்த மலைக்கு அடியில் இருக்கிறது என்று அடிக்கடி ஏதாவதொரு செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அவற்றுள் ஒன்றுகூட இதுவரை மெய்ப்பிக்கப்பட்டதில்லை. ஆனால் இந்தக் கேள்வி புதியதல்ல. யூத மக்கள் ஏறத்தாழ 2500 ஆண்டுகளாக இதைக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த விடைகளில் ஒன்று நமது கத்தோலிக்கத் திருவிவிலியத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. நம்மில் பலர் அதைக் கவனித்ததில்லை.

முதலில் விவிலியம் என்ன சொல்கிறது, எங்கே மௌனமாகிறது என்று பார்ப்போம். மோசேயின் காலத்தில் செய்யப்பட்ட பேழையைச் சாலமோன் தாம் கட்டிய கோவிலின் திருத்தூயகத்தில் வைத்தார் (1 அர 8:6). அதற்குப்பின் யோசியா அரசர் காலத்தில், பேழையைக் கோவிலில் வைக்கும்படியும் இனி அதைத் தோளில் சுமக்கவேண்டியதில்லை என்றும் லேவியருக்குச் சொன்னதாக ஒரு குறிப்பு வருகிறது (2 குறி 35:3). அத்தோடு சரி. கி.மு. 587-இல் பாபிலோனியர் எருசலேமை அழித்தபோது கோவிலிலிருந்து எடுத்துச்சென்ற பொருள்களின் பட்டியல் நம்மிடம் இருக்கிறது (2 அர 25:13-17). வெண்கலத் தூண்கள், சட்டிகள், திரிவெட்டும் கருவிகள் வரை அதில் எழுதியிருக்கிறார்கள். பேழையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பின்னர் பாரசீக மன்னர் சைரசு திருப்பிக் கொடுத்த 5,400 பொன், வெள்ளிப் பாத்திரங்களின் கணக்கிலும் (எஸ்ரா 1:7-11) பேழை இல்லை.

ஆகவே கி.மு. 515-இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் கோவிலின் திருத்தூயகம் வெறுமையாகவே இருந்தது. கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேயு துணிந்து அதற்குள் நுழைந்தபோது அங்கே எதுவும் இல்லை என்பதை உரோமை வரலாற்றாசிரியர் தாசித்து பதிவு செய்திருக்கிறார். பாவக்கழுவாய் நாளில் தலைமைக் குரு மட்டும் திரைக்குப் பின்னே சென்று, பேழை இருந்திருக்கவேண்டிய இடத்தில், தரையிலிருந்து மூன்று விரல் உயரமே இருந்த ஒரு கல்லின்மேல் தூபக்கலசத்தை வைத்தார் என்கிறது மிஷ்னா எனப்படும் யூதச் சட்டத்தொகுப்பு. சற்று எண்ணிப்பார்ப்போம். ஏறத்தாழ 585 ஆண்டுகள் ஒரு மக்களினம் வெற்றறை ஒன்றின் முன் நடுக்கத்தோடு வழிபட்டு வந்திருக்கிறது. மறைக்கப்பட்ட திருப்பொருள்கள் பற்றிய கதைகள் எல்லாம் அந்த வெற்றறையிலிருந்துதான் பிறந்தன.

இவற்றுள் நமக்கு மிக நெருக்கமானது மக்கபேயர் இரண்டாம் நூலில் உள்ளது (2 மக் 2:4-8). எருசலேமின் யூதர்கள் எகிப்தில் வாழும் தம் சகோதரர்களுக்கு எழுதும் மடலில், பழைய ஏடு ஒன்றில் படித்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். இறைவாக்கினர் எரேமியா, கடவுளின் கட்டளைப்படி, சந்திப்புக் கூடாரமும் பேழையும் தம்மைப் பின்தொடர, மோசே ஏறி வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்த அதே மலைக்குச் செல்கிறார். அங்கே ஒரு குகை உறைவிடத்தைக் கண்டு, கூடாரத்தையும் பேழையையும் தூபபீடத்தையும் உள்ளே வைத்து வாயிலை அடைத்துவிடுகிறார். உடன்வந்த சிலர் பிறகு திரும்பி வந்து, வழியை அடையாளமிட முயல்கிறார்கள். அவர்களால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. செய்தி அறிந்த எரேமியா அவர்களைக் கடிந்துகொள்கிறார். கடவுள் தம் மக்களை மீண்டும் ஒன்றுசேர்த்து அவர்களுக்கு இரக்கம் காட்டும்வரை அந்த இடம் ஒருவருக்கும் தெரியாமலே இருக்கும் என்கிறார். அந்நாளில் மோசேயின் காலத்தில் போலவே ஆண்டவரின் மாட்சியும் மேகமும் தோன்றும்.

புதையல் தேடுவோர் இப்பகுதியில் மலையின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எரேமியா யாரைக் கடிந்துகொண்டார் என்பதைப் படிப்பதில்லை. வழியில் அடையாளம் வைக்க முயன்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவருடைய சீடர்கள், பக்தியுள்ளவர்கள். ஆனாலும் அவர்கள் தேடியது பொருளை. எரேமியா கவலைப்பட்டது சிதறிப்போன மக்களைப் பற்றி. மக்கள் கூடிவராமல் பேழை மட்டும் திரும்பி வந்து ஆகப்போவது என்ன?

இந்த மடலிலேயே, ஒரு அதிகாரம் முன்னால், இதற்கு இணையான இன்னொரு மரபும் இருக்கிறது (2 மக் 1:19-36). நாடுகடத்தப்படும் வேளையில் குருக்கள் பலிபீடத்து நெருப்பை இரகசியமாக எடுத்து, வறண்ட கிணறு ஒன்றின் பொந்தில் மறைத்துவைத்தார்களாம். பல ஆண்டுகளுக்குப்பின் நெகேமியா ஆள் அனுப்பித் தேடினால், நெருப்புக்குப் பதிலாகக் கெட்டியான ஒரு நீர்மம்தான் கிடைக்கிறது. அதை விறகின்மேலும் பலிப்பொருள்மேலும் தெளிக்கச் சொல்கிறார். மேகம் விலகி வெயில் பட்டதும் குப்பென்று தீ எழுகிறது. அந்தத் திரவத்தை மக்கள் ‘நெப்தா’ என்று அழைத்தார்கள் என்ற குறிப்பும் உண்டு. கல்லெண்ணெய் ஊறும் பாரசீகப் பின்னணிக் கதை என்பது தெரிகிறது. அந்தப் பலியின்போது குருக்கள் சொல்லும் மன்றாட்டில் முக்கியமான வேண்டுதல் என்ன தெரியுமா? சிதறிக்கிடக்கும் எங்களை ஒன்றுசேர்த்தருளும் என்பதுதான்.

எரேமியா உண்மையிலேயே பேழையை மலைக்குக் கொண்டுசென்றாரா என்று நேராகக் கேட்டால், விவிலிய அறிஞர்கள் பலர் தயங்குவார்கள். நகரம் வீழ்ந்த நாள்வரை அவர் காவற்கூடத்து முற்றத்தில் அடைபட்டிருந்தார் என்று அவரது நூலே சொல்கிறது (எரே 38:28). மேலும் அவர் உரைத்த இறைவாக்கு ஒன்றில், ஒரு காலம் வரும், அப்போது பேழையைப் பற்றி ஒருவரும் நினைக்கமாட்டார்கள், அது இல்லையே என்று வருந்தவுமாட்டார்கள், புதிதாக ஒன்றைச் செய்யவுமாட்டார்கள் என்கிறார் (எரே 3:16). பேழையை இனி நினைக்கவேண்டாம் என்ற மனிதரையே மக்கள் தங்கள் நினைவில் பேழையின் காவலராக்கிவிட்டார்கள்! 1546-இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் மக்கபேயர் நூல்களைத் திருமுறை நூல்களாக உறுதிப்படுத்தியது. விவிலியத்தில் ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய இலக்கிய வகையை அறிந்து வாசிக்கவேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு கற்பித்தது. அந்த மடல் தன் காலத்து மரபை மேற்கோள் காட்டுகிறது. அம்மரபைக் கொண்டு எகிப்தில் வாழும் உறவுகளை எருசலேமோடு ஒரே விழாவில் இணைக்க விரும்புகிறது. அதை நிலவரைபடமாக எடுத்துக்கொள்வது நம் தவறு.

ரபிகளின் மரபு வேறு வழியில் செல்கிறது. அவர்களுள் பலர், பேழை எருசலேமை விட்டு எங்கும் போகவில்லை என்றனர். நாடுகடத்தல் வரும் என்று திருச்சட்டத்திலிருந்து உணர்ந்த யோசியா அரசர், பேழையைக் கோவிலுக்குள்ளேயே மறைத்துவிட்டார்; அதனோடு மன்னா இருந்த கலயம், திருப்பொழிவு எண்ணெய்க் குப்பி, துளிர்த்துப் பூத்த ஆரோனின் கோல், பிலிஸ்தியர் காணிக்கையாக அனுப்பிய பெட்டி ஆகியவையும் மறைக்கப்பட்டன என்பது தால்முதில் உள்ள செய்தி. இல்லை, பேழையும் பாபிலோனுக்குத்தான் போயிற்று என்று வேறு சில ரபிகள் வாதிட்டார்கள். தால்முது இரு தரப்பையும் பதிவுசெய்து, தீர்ப்பு எதுவும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

மிஷ்னாவில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. கோவிலில் பணி செய்துகொண்டிருந்த குரு ஒருவர், தளத்தில் ஒரு கல் மட்டும் மற்றக் கற்களிலிருந்து வேறுபட்டிருப்பதைக் கவனித்தார். தோழரிடம் சொல்ல ஓடினார். சொல்லி முடிப்பதற்குள் அவர் உயிர் பிரிந்தது. பேழை அங்கேதான் இருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. தால்முது சொல்லும் இன்னொரு வடிவத்தில், விறகுக் கொட்டிலில் இரு குருக்கள் பலிபீடத்துக்கான விறகிலிருந்து புழு அரித்தவற்றைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். உடற்குறை உள்ள குருக்கள் பலிபீடப் பணி செய்யக்கூடாது என்பதால் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த எளிய வேலை அது. ஒருவரின் கோடரி நழுவிக் கீழே விழுகிறது. உடனே தீ எழும்பி அவரை எரித்துவிடுகிறது. யாரும் பொருட்படுத்தாத மூலையில், யாரும் பொருட்படுத்தாத ஆள்களின் காலடியில் பேழை கிடந்ததாக மக்கள் எண்ணினார்கள் என்பது என் மனத்தில் நிற்கிறது. கோவிலில் எல்லாரும் பதின்மூன்று இடங்களில் விழுந்து வணங்க, இரபான் கமாலியேலின் குடும்பத்தாரோ பதினான்காவதாக அந்த விறகுக் கொட்டிலை நோக்கியும் வணங்கினார்கள் என்று மிஷ்னா கூறுகிறது. திருத்தூதர் பணிகள் நூலில் நாம் சந்திக்கும் கமாலியேலின் குடும்பம்தான் இது.

கி.பி. 70-இல் உரோமையர் இரண்டாம் கோவிலையும் எரித்தார்கள். அதற்குப்பின் எழுந்த மரபுகளில் வலி இன்னும் கூர்மையாகிறது. பாரூக்கின் பெயரால் எழுதப்பட்ட, நமது திருமுறையில் சேராத, சிரிய மொழியில் கிடைத்த நூலொன்றில், எதிரிகள் நுழைவதற்கு முன்பே வானதூதர் இறங்கிவந்து, திருத்தூயகத்தின் திரையையும் இரக்கத்தின் இருக்கையையும் இரு கற்பலகைகளையும் குருக்களின் உடைகளையும் எடுத்து, நிலத்தை நோக்கி, இவற்றைப் பெற்றுக் கடைசிக் காலம்வரை காத்துவை என்கிறார். நிலம் வாய் திறந்து அவற்றை விழுங்குகிறது. பேசுவது முதல் கோவிலின் அழிவைப் பற்றி. அழுவது இரண்டாம் கோவிலுக்காக. தால்முதிலும் இதற்கு ஒத்த காட்சி உண்டு. கோவில் எரிகையில் இளங்குருக்கள் கூட்டமாகக் கூரைமேல் ஏறி, நாங்கள் நல்ல காவலராக இருக்கவில்லை, ஆகவே இந்தச் சாவிகளை நீரே வைத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் சொல்லி அவற்றை வானத்தை நோக்கி வீசுகிறார்கள். கை போன்ற ஒன்று வெளிப்பட்டு அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. அவர்களோ தீக்குள் குதிக்கிறார்கள்.

இத்தகைய நம்பிக்கை வேறு விதமாகவும் பயன்பட்டது. அதில் நாம் நன்கு அறிந்த ஒருவர் தொடர்புபட்டிருக்கிறார். சமாரியருக்கும் தங்கள் கெரிசிம் மலையில் திருப்பாத்திரங்கள் மறைந்திருக்கின்றன என்ற மரபு உண்டு. போந்தியு பிலாத்துவின் ஆட்சி முடியும் தறுவாயில், ஒரு மனிதர் தோன்றி, மோசே அங்கே புதைத்துவைத்த பாத்திரங்களைக் காட்டுகிறேன், வாருங்கள் என்று மக்களை அழைத்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதுகிறார். (மோசே யோர்தானைக் கடக்கவே இல்லை என்பதை அவர்கள் எண்ணவில்லை போலும்.) மக்கள் ஆயுதங்களோடு மலையடிவாரத்துச் சிற்றூரில் திரண்டார்கள். பிலாத்து குதிரைப்படையையும் காலாள்களையும் அனுப்பிப் பலரைக் கொன்றார். பிடிபட்டவர்களில் முக்கியமானவர்களுக்கு மரண தண்டனை விதித்தார். சமாரியர் சிரியாவின் ஆளுநர் வித்தேல்லியுவிடம் முறையிட, பிலாத்து உரோமைக்குப் போய்ப் பதில் சொல்லும்படி கட்டளையிடப்பட்டார். இது கி.பி. 36-இல் நடந்தது. இயேசுவைச் சாவுக்குத் தீர்ப்பிட்டவர் பதவியிழந்தது ஒரு புதையல் கதையின் காரணமாக என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்தான் அதே மலையின் அடிவாரத்தில், யாக்கோபின் கிணற்றருகே, எந்த மலையில் வழிபடுவது என்று ஒரு பெண் இயேசுவிடம் கேட்டிருந்தார் (யோவா 4:20).

1952-இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரானின் மூன்றாம் குகையில் ஒரு வியப்பான சுருள் கிடைத்தது. மற்றச் சுருள்கள் தோலிலும் பாப்பிரசிலும் எழுதப்பட்டவை. இது செம்புத் தகட்டில் பொறிக்கப்பட்டது. களிம்பேறி இறுகிப்போயிருந்ததால் விரிக்க முடியாமல், 1955, 1956 ஆண்டுகளில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் அதை 23 துண்டுகளாக அறுத்துத்தான் படிக்க முடிந்தது. உள்ளே இருந்தது மன்றாட்டோ இறைவாக்கோ அல்ல, வெறும் பட்டியல். இன்ன இடத்தில், இத்தனை முழ ஆழத்தில், இத்தனை தாலந்து வெள்ளி, பொன் என்று அறுபதுக்கு மேற்பட்ட மறைவிடங்கள்! இது உண்மையிலேயே எருசலேம் கோவிலின் செல்வம் என்பார் சிலர். அச்சுருளை முறைப்படி பதிப்பித்த மிலிக் இது மக்களிடையே வழங்கிய கற்பனை என்று கருதினார். ஆய்வாளர் ஜான் அலெக்ரோ 1960-இல் தோண்டியே பார்த்துவிட்டார். ஒரு காசு கிடைக்கவில்லை. அதில் உடன்படிக்கைப் பேழையின் பெயரே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். 1648-இல் அச்சேறிய எபிரேய நூலொன்றில் ‘பாத்திரங்களின் ஏடு’ என்ற பழைய மரபு காணப்படுகிறது. அதிலும் லேவியர் ஒருவரும் அவர் தோழர்களும் கோவில் செல்வங்களை மறைத்துச் செப்புப் பலகையில் எழுதிவைத்ததாக வருகிறது. கணக்குகளெல்லாம் நம்பமுடியாத அளவு பெரியவை. தாவீதின் மகனாகிய மெசியா வரும்வரை அவை வெளிப்படா என்பது அதன் உறுதி.

இந்த உறுதியைப் பொருட்படுத்தாதவர்களும் உண்டு. பின்லாந்துக்காரர் ஒருவர் எசேக்கியேல் நூலில் இரகசியக் குறியீட்டைக் கண்டதாகச் சொல்ல, அதை நம்பி ஆங்கிலேய அதிகாரி மாண்டேகு பார்க்கர் 1909 முதல் 1911 வரை எருசலேமில் கீகோன் ஊற்றருகே சுரங்கம் தோண்டினார். இறுதியில் காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து, இரவில் மாறுவேடத்தில், இசுலாமியரின் புனித வளாகத்துக்குள்ளேயே நுழைந்தார். செய்தி பரவி நகரம் கொந்தளித்தது. அவரும் கூட்டாளிகளும் யாப்பா துறைமுகத்துக்கு ஓடிக் கப்பலேறித் தப்பினார்கள். அந்தத் தோண்டலால் விளைந்த ஒரே நன்மை, எருசலேம் விவிலியக் கல்லூரியின் தொமினிக்கன் துறவி வின்சென்ட் அங்கே வெளிப்பட்ட பழைய நீர்வழிகளை அளந்து, வரைந்து, நூலாக வெளியிட்டதுதான்.

நம் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும். தீத்து எருசலேமிலிருந்து கொண்டுவந்த ஏழு கிளை விளக்குத்தண்டு உரோமையில் அவரது வெற்றி வளைவில் இன்றும் செதுக்கப்பட்டுக் காணப்படுகிறது. அது அமைதிக் கோவிலில் வைக்கப்பட்டது. கி.பி. 455-இல் வண்டாலர் உரோமையைச் சூறையாடியபோது கோவில் பொருள்களை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள் என்றும், 534-இல் பெலிசாரியு அவற்றைக் கான்ஸ்தாந்திநோபிளுக்குக் கொண்டுவந்தார் என்றும், பேரரசர் யுஸ்தினியான் அச்சம் கொண்டு எருசலேமின் ஆலயங்களுக்கு அனுப்பிவிட்டார் என்றும் அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியு எழுதுகிறார். அதன்பின் தடயமில்லை. ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் உரோமையின் இலாத்தரன் பேராலயத்தார், பேழையும் விளக்குத்தண்டும் தங்கள் பீடத்தின் அடியில் இருப்பதாகப் பெருமையோடு எழுதிவைத்தார்கள். அதே நூற்றாண்டில் உரோமைக்கு வந்த துதேலா ஊர் பெஞ்சமின் என்ற யூதப் பயணி, அந்த ஆலயத்தில் சாலமோன் கோவிலின் இரு வெண்கலத் தூண்கள் நிற்பதாகவும், கோவில் அழிந்த நினைவு நாளில் ஆண்டுதோறும் அவற்றிலிருந்து நீர் கசிவதாகவும் உரோமை யூதர்கள் தம்மிடம் சொன்னதைக் குறித்திருக்கிறார். ஒரே கட்டடம். ஒருவருக்கு வெற்றிப் பெருமை. மற்றவருக்கு அழும் தூண்கள்.

நாம் அன்று அடித்துக்கொண்ட தம்பட்டத்தின் எதிரொலி இன்றும் ஓயவில்லை. விளக்குத்தண்டு வத்திக்கானின் நிலவறையில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்ற பேச்சு யூதர்களிடையே பரவலாக உண்டு. 1996-இல் இஸ்ரயேல் அமைச்சர் ஒருவரே இதைப் பற்றி வத்திக்கானில் கேட்டார். அதற்குச் சான்று எதுவும் இல்லை. 2017-இல் வத்திக்கான் அருங்காட்சியகமும் உரோமை யூத அருங்காட்சியகமும் முதன்முறையாகக் கைகோத்து, இந்த விளக்குத்தண்டைப் பற்றியே ஒரு கண்காட்சியைப் புனித பேதுரு சதுக்கத்திலும் யூத அருங்காட்சியகத்திலும் ஒரே வேளையில் நடத்தின. பொருள் கிடைக்கவில்லை. ஆனால் அதன் பொருட்டு இரு வீட்டாரும் ஒரு வாயில் வழியே வந்துபோனார்கள்.

எரேமியா ஏறியதாகச் சொல்லப்படும் நெபோ மலை இன்று யோர்தான் நாட்டில் இருக்கிறது. பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் 1932-இல் அவ்விடத்தை வாங்கி, மறு ஆண்டு முதல் அகழ்ந்து வருகிறார்கள். பழங்கால ஆலயத்தின் சுவர்களும் மிக அழகிய மொசைக் தளங்களும் வெளிப்பட்டிருக்கின்றன. பேழை வெளிப்படவில்லை, அத்துறவிகள் அதைத் தேடவுமில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு மார்ச்சிலும், பதினாறாம் பெனடிக்ட் 2009 மே மாதத்திலும் அங்கே நின்று யோர்தானுக்கு அப்பால் நோக்கினார்கள். மோசேயின் கல்லறை எங்கே என்று எவருக்கும் தெரியாது என இணைச்சட்டம் சொல்வதும் (இச 34:6) இதே மலைப்பகுதியைப் பற்றித்தான்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 15-ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலியில், முதல் வாசகம் பேழையைக் கொண்டுதான் தொடங்குகிறது (திவெ 11:19). விண்ணகக் கோவில் திறக்க, உள்ளே பேழை காணப்படுகிறது. அடுத்த வசனத்திலேயே கதிரவனை ஆடையாக அணிந்த பெண் தோன்றுகிறார். மன்றாட்டுமாலையில் நாம் அன்னையை உடன்படிக்கையின் பேழை என்று அழைப்பதன் பின்னணியில் இந்த வரிசையும் இருக்கிறது. யோவான் இக்காட்சியை எழுதியது முதல் நூற்றாண்டின் இறுதியில் என்பது பலரது கருத்து. பாரூக்கின் பெயரில் அந்த மற்ற யூதர், பேழையின் கற்பலகைகளை நிலம் விழுங்கிற்று என்று எழுதியதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். இருவரும் எழுதும்போது எருசலேமில் கோவில் நின்ற மேடு கரிந்த கற்குவியலாகக் கிடந்தது.